திரும்பும்போது மட்டும் வரும் சத்தம்

"எல்லாரும் எடது பக்கம் ஓடுங்க!"

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மெக்கானிக் மூர்த்தி கத்தினார். எங்கள் பிக்கப்பின் பின்பக்கம் நின்றிருந்த பெண்கள் அத்தனை பேரும் இடது பலகையோடு போய் ஒட்டிக்கொண்டார்கள். வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது.

"இப்ப வலது பக்கம்!"

எல்லாரும் வலது பக்கம் ஓடினார்கள். முழங்கால் வரை நடவுச் சேறு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்த கால்கள். உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி லாரிகள் நிற்கும் மண் திடல் அது. டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாயா இது, வண்டி ரிப்பேரா, கோலாட்டமா?" என்றாள் சின்னபொண்ணு. ஒருத்தி சிரிக்க, எல்லாருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே இடது பக்கம் ஓடினார்கள்.

நான் கீழே, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நின்ற இடத்தில் நிற்கிற வண்டிக்குள்ளிருந்து 'கடக்' என்று அந்தச் சத்தம் வந்தது. மாதக்கணக்காக எங்களைத் தூங்கவிடாத அதே சத்தம்.

"புடிச்சிட்டேன்," என்று அடியிலிருந்து மூர்த்தி சொன்னார். சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை.

என் காதும் அவர் காதும்

போன வாரம் என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு, 'உங்கள் கணவர் இதையெல்லாம் படிப்பாரா?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். படிக்க மாட்டார். நான் படித்துக் காட்டினால் கேட்பார். கேட்டுவிட்டு, 'இதுக்கெல்லாமா புக்குல எடம் குடுக்குறாங்க?' என்பார். அவ்வளவுதான்.

அவர் பெயர் ஏழுமலை. கச்சிராயபாளையத்துக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் மலைக்கே வந்துவிட்டார். அவர் வண்டி ஓட்டுவார். நான் ஆள் சேர்ப்பேன். நடவுக்கு இத்தனை பேர், களைக்கு இத்தனை பேர், கரும்பு வெட்டுக்கு இத்தனை பேர் என்று கீழே இருக்கிற நிலக்காரர்கள் எனக்குத்தான் ஃபோன் பண்ணுவார்கள். விடிவதற்கு முன்னால் வண்டி கிளம்பும். வளைவுக்கு வளைவு பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். ஏற்றிக்கொண்டு மலை இறங்குவோம். நானும் அவர்களோடு சேற்றில் இறங்குவேன். எங்களுக்கு ஒரே மகள். கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

வண்டியில் நான் இடது பக்கம் உட்கார்வேன். அதனால் சத்தம் முதலில் என் காதில்தான் விழுந்தது. நேராகப் போனால் வராது. இடது பக்கம் திரும்பினாலும் வராது. ஆள் நிறைய ஏறியிருக்க வேண்டும், வண்டி வலது பக்கம் வளைய வேண்டும். அப்போது என் முதுகுக்குப் பின்னால் கீழேயிருந்து ஒரு 'கடக்'. வளைவு முடிந்து வண்டி நிமிரும்போது இன்னொரு 'கடக்'.

"இன்னாங்க, சத்தம் கேக்குதா?" என்றேன்.

"இன்னா சத்தம்?"

"திரும்பும்போது கேக்குதே."

"ஒனுக்கு எப்பவும் எதுனா ஒரு சத்தம் கேட்டுகினேதான் இருக்கும். கல்யாணம் ஆனதுலருந்து நான் கொறட்டை வுடறேன்னு சொல்ற. எனுக்கு ஒரு நாளாச்சும் கேட்டுதா?"

இந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது? பின்னால் நின்ற சின்னபொண்ணு கேபினின் மேல் தட்டி, "ஏழுமலண்ணா, வண்டி இன்னாமோ பல்லக் கடிக்குது, பாரு" என்று சொன்ன பிறகுதான் அவருக்கும் கேட்டது. பெண்டாட்டி சொன்னால் கேட்காத காது, ஊர் சொன்னால் திறந்துகொள்ளும்.

சின்னபொண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். புருஷன் இல்லை. மகன் கேரளாவில் கட்டட வேலை. மருமகளும் அவளும் சேர்ந்துதான் எங்கள் வண்டியில் வருவார்கள். நடவில் அவள் கை போகிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடிந்ததில்லை. வாய் அதைவிட வேகம்.

கிழங்கு லோடு

கள்ளக்குறிச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டோம். மெக்கானிக் முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கோடு சக்கரத்தைச் சேர்க்கிற கம்பியின் முனை தேய்ந்திருக்கிறது என்றார். மாற்றினோம். பஸ் ஸ்டாண்ட் வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். "சத்தமே இல்லீங்களேண்ணே," என்றார். உண்மைதான், இல்லை. மறுநாள் விடியற்காலை ஆள் ஏற்றி, கோமுகி அணைக்கு மேலே முதல் வலது வளைவில் திரும்பினோம். 'கடக்'.

இரண்டாவது மெக்கானிக் ஷாக் அப்சார்பரைக் கழற்றினார். சக்கர பேரிங்கையும் மாற்றினார். ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. மலையேறினோம். 'கடக்'. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பார்களே, அப்படித்தான் போனது அந்த மழைக்காலம் முழுக்க.

"என்னா லோடு ஏத்துறீங்க?" என்று ஒவ்வொரு மெக்கானிக்கும் கேட்டார்கள்.

"கெழங்குதான்," என்பார் என் வீட்டுக்காரர்.

மரவள்ளிக்கிழங்கு. அதையும் ஏற்றியிருக்கிறோம், பொய் இல்லை. ஆனால் சத்தம் வருவது கிழங்கு ஏற்றும்போது அல்ல. ஆள் ஏற்றும்போது. அதை எப்படிச் சொல்வது? சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது. அது எங்களுக்கும் தெரியும், ரோட்டில் நிற்கிற போலீஸ்காரருக்கும் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள், யார் யாரென்று தெரியாது. எங்கள் மலையில் பிக்கப் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் கிழங்கு என்றுதான் சொல்வார்கள். கிழங்கு அறுவடை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தாலும் கிழங்குதான்.

ஒருவர் உண்மையிலேயே கிழங்கு மூட்டைகளை அடுக்கி ஓட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. வராது. அடுக்கிய மூட்டை வைத்த இடத்திலேயே கிடக்கும். நின்றுகொண்டு வருகிற மனுஷி வளைவுக்கு வளைவு மொத்தமாக ஒரு பக்கம் சாய்வாள். அந்தச் சாய்வில்தான் வண்டி சத்தம் போட்டது. வைத்தியரிடம் போய்த் தலைவலிக்குக் கால்வலி என்று சொல்லிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று புலம்பினோம்.

மூன்றாவது ஆள்தான் எங்களைக் கவிழ்த்தார். "லோடு ஜாஸ்தி. பட்டா தாங்கல. பக்கத்துக்கு ரெண்டு பட்டா சேத்துக் கட்டிடுங்க, கல்லு மாதிரி நிக்கும்," என்றார்.

வண்டியின் பாரத்தைத் தாங்குகிற வில் மாதிரியான இரும்புப் பட்டைகளைத்தான் பட்டா என்கிறோம். நிலத்துப் பட்டா இல்லை. அது எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இன்னும் வரவில்லை.

சேர்த்துக் கட்டினோம். வண்டி கல்லு மாதிரி நின்றது. சத்தமும் நின்றது. என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொஞ்ச நாள் போயிற்று. ஒரு காலையில் அதே வளைவு, முன்னைவிடப் பெரிதாக ஒரு 'கடக்'. என் இடுப்பில் அதிர்ந்தது.

நின்றுகொண்டு போகிறவர்கள்

பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து பஸ் வருகிறது, போகிறது. அதைப் பிடிக்க எங்கள் ஊரிலிருந்து ஒரு நடை நடக்க வேண்டும். அது கீழே போய்ச் சேரும்போது வயலில் முதல் பாத்தி முடிந்திருக்கும். "ஏழு மணிக்குச் சேத்துல கால் இருக்கணும், இல்லாங்காட்டி வரவே வாணாம்" என்று நிலக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். மலையில் சாமையும் தினையும் போட்டால் மழை இருக்கிற வரைக்கும் வயிற்றுக்கு வரும். மற்ற மாதங்களுக்கு இந்த வண்டிதான் சோறு. ஏறக்குறைய இருபது வீட்டு அடுப்பு இதன் பின்பக்கம் நின்றுகொண்டு போகிறது.

சத்தத்துக்குப் பெண்கள் செய்த வைத்தியம் தனி. ஒருத்தி எலுமிச்சம்பழம் கட்டினாள். ஒருத்தி வேப்பெண்ணெய் கொண்டுவந்து பட்டாவில் ஊற்றினாள். வண்டி ஒரு வாரம் நாறியது. பிறகு எல்லாரும் கூடிப் பேசி, கனமானவர்கள் வலது பக்கம், ஒல்லியானவர்கள் இடது பக்கம் என்று பிரித்தார்கள். யார் கனம் என்பதில் சண்டை வந்து, இரண்டு பேர் பத்து நாள் பேசிக்கொள்ளவில்லை. அப்படிப் பிரிந்து நின்ற அந்தப் பத்து நாள் சத்தம் கொஞ்சம் கம்மியாகத்தான் இருந்தது. அவர்கள் கண்டுபிடித்தது சரிதான் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

எனக்கு அந்த நாட்களில் வேறு நினைப்பே கிடையாது. சோறு பிசையும்போதும் அந்தச் சத்தம். மகள் ஃபோனில் பேசும்போதும் அந்தச் சத்தம். ஒவ்வொரு வலது வளைவுக்கும் பத்தடி முன்னாலேயே என் கால்விரல்கள் தானாக மடங்கிக்கொள்ளும். வண்டியை விற்றுத் தொலையுங்கள் என்று அழுதேன். "வித்துட்டு?" என்று அவர் கேட்டார்.

திடலில்

களமருதூர்ப் பக்கம் ஒரு பெரிய நடவு. தூரம் என்பதால் நிலக்காரரின் மோட்டார் கொட்டகையிலேயே நாலைந்து நாள் தங்கி நட்டோம். முடித்துவிட்டு, மத்தியானம் வண்டியேறி உளுந்தூர்பேட்டை வந்தோம். பெரிய ரோட்டில் ஏறுவதற்காக வலது பக்கம் ஒடித்தபோது வந்த சத்தத்தில், டீக்கடையில் நின்றிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிரே பட்டாக் கடை. லாரிப் பட்டாக்கள் வில் வில்லாகக் குவிந்து கிடந்தன. கடைக்காரர்தான் மூர்த்தி. பருத்த ஆள், வாயில் வெற்றிலை. "பட்டாவுல இந்த ரோட்டுல என்ன அடிச்சிக்க ஆளில்ல" என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டார். பட்டா மாட்டியிருக்கும் இடத்தில் ரப்பர் புஷ் போய்விட்டது என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னார். ஒரு மணி நேரத்தில் மாற்றினார். "எடுத்துக்கினு போங்க, இனிமே சத்தம் வந்தா என் பேர மாத்திக்கிறேன்" என்றார். கடையை விட்டு இறங்கித் திரும்பினோம். 'கடக்'. அவர் வெற்றிலையைத் துப்பினார்.

"என்னா லோடு ஏத்துவீங்க?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கிழங்கு என்று சொல்ல முடியவில்லை. பின்பக்கம் கிழங்கெல்லாம் தூக்குவாளியும் கையுமாக நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இவங்கதான்," என்றார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாண்ணே?" என்ற மூர்த்தி, வண்டியைத் திடலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். வட்டமடிக்கச் சொன்னார். பிறகு நிறுத்தச் சொல்லி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அடியில் போய்ப் படுத்தார். அப்போதுதான் அந்த இடது வலது ஓட்டம்.

புடிச்சிட்டேன் என்றவர் வெளியே வரவில்லை. "டீசலும் துணியும் குடுங்க," என்றார். கொடுத்தேன். "நீங்களே குனிஞ்சி பாருங்கக்கா."

குனிந்து பார்த்தேன். வண்டி முழுவதையும் தாங்குகிற நீள இரும்புச் சட்டம் இரண்டு உண்டே, சேஸிஸ், அதன் இடது பக்கம். பின் பட்டா வந்து மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் சேறு காய்ந்து அடையாக ஒட்டியிருந்தது. அவர் துடைக்கத் துடைக்க இரும்பு தெரிந்தது. அதில் தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கோடு. அவர் மேலே பார்த்து, "எடது பக்கம் போங்கம்மா" என்றார். பெண்கள் நகர்ந்தார்கள். முடி மாதிரி இருந்த கோடு வாயைத் திறந்தது. 'கடக்'.

"பட்டா சேத்துக் கட்டுனது யாரு?"

சொன்னோம்.

"பட்டா வளையறதுக்குத்தான் இருக்குது. அத வளைய வுடாம கட்டிட்டா, சேஸிஸ் வளையணும். எதுனா ஒண்ணு வளைஞ்சிதான ஆவணும்? மொதல்லயே சின்னதா கீறல் இருந்திருக்கும், இது வளைஞ்சி வளைஞ்சி பெருசாயிடுச்சு."

"இப்ப இன்னா பண்றது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"தகடு வெச்சி வெல்டிங் அடிக்கிறேன். எக்ஸ்ட்ரா பட்டாவக் கழட்டிடறேன். சத்தம் நின்னுடும். கீழ ஊருக்குள்ள காய்கறி, தண்ணி கேனு, அந்த மாதிரி ஓட்டிக்குங்க. மலைக்கு ஏத்தாதீங்க. ஆளு ஏத்தவே ஏத்தாதீங்க."

"ஏத்துனா?"

மூர்த்தி பின்பக்கம் நின்றிருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார். "எப்பன்னு சொல்ல முடியாது. பத்து வருசம் ஓடுனாலும் ஓடும். சத்தம் வந்துகினு இருந்தப்பவாச்சும் ஒங்களுக்குத் தெரிஞ்சிது. இனிமே அதுவும் வராது," என்றார்.

பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

வெல்டிங் முடிகிற நேரம் பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மூர்த்தி கை கழுவிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால், பெண்கள் எல்லாரும் வண்டியில் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். வேறு எப்படி ஊர் போய்ச் சேருவது? அந்த நேரத்துக்கு மேல் அங்கிருந்து எங்கள் மலைக்குப் பஸ் கிடையாது. அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. அவரும் கடைக்குள் போய்விட்டார்.

அமைதி

அன்றைக்கு நான் முன்னால் உட்காரவில்லை. பின்னால் ஏறிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, அணை தாண்டி, மலை தொடங்கியது. முதல் வலது வளைவு. எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். வண்டி வளைந்தது, நிமிர்ந்தது. ஒன்றுமே இல்லை. டயர் ஓடுகிற இரைச்சலும், தூக்குவாளிகள் உரசிக்கொள்வதும் மட்டும்தான். அடுத்த வளைவு. ஒன்றுமே இல்லை.

"கல்யாண வண்டியாட்டம் போவுது," என்றாள் ஒருத்தி.

எத்தனை மாதம் அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று வேண்டியிருப்பேன்! நின்ற பிறகுதான் தெரிந்தது, நான் வேண்டியது அதையல்ல. சத்தத்தை மட்டும் ரிப்பேர் செய்துகொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

ஒவ்வொருத்தியாக இறங்கும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "நாளையிலருந்து வண்டி வராது. என்ன மன்னிச்சிக்குங்க."

எரிகிற கொள்ளி

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டோம். அவர் பகலெல்லாம் அதன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தார். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, ஃபோன் அடிப்பது நின்றது.

நிலக்காரர்கள் வேறு வண்டி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். கீழேயிருந்து வருகிற பிக்கப். ஓட்டுகிறவனுக்கு எங்கள் வளைவுகள் பழக்கம் இல்லை. டயரில் கோடே கிடையாது, மொட்டை. எங்கள் வண்டியில் ஏறுகிறவர்களைப்போல ஒன்றரை மடங்கு ஆட்களை அதில் திணித்துக்கொண்டு போனான். நான் வாசலில் நின்று பார்த்தேன். சின்னபொண்ணும் அவள் மருமகளும் ஓரத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார்கள். மருமகளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அதைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவாள்.

அன்று சாயங்காலம் சின்னபொண்ணு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். சேறுகூடக் கழுவவில்லை.

"வண்டிய எடுங்க," என்றாள்.

"மூர்த்தி சொன்னத நீயும் கேட்ட இல்ல?" என்றேன்.

"கேட்டேன். ஒங்க வண்டியில கீறல் எங்க இருக்குதுன்னு நமக்குத் தெரியும். அந்த வண்டியில எங்கெங்க இருக்குதுன்னு யாருக்குத் தெரியும், சொல்லு?"

"வேலைக்கே போவாம இரேன் சின்னபொண்ணு, கொஞ்ச நாளு."

"இருந்துட்டு?"

நான் வீட்டுக்காரரிடம் வண்டியை விற்கச் சொன்னபோது அவர் கேட்ட அதே கேள்வி. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? மறுநாள் விடியற்காலை வண்டியை எடுத்தோம்.

என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். அடியில் படுத்து, வெல்டிங் தகட்டின் ஓரத்தில் வெள்ளை பெயிண்டால் சின்னதாக ஒரு கோடு போட்டார். வேலையில்லாத நாளில் சேற்றைத் துடைத்துவிட்டு, கீறல் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்று பார்ப்பார். நான் டார்ச் அடிப்பேன். அறுவடை வரைக்கும் உள்ளேயே இருந்தது. தகடும் அப்படியே இருந்தது. அவர் மறுபடியும் விசிலடித்துக்கொண்டு வண்டி கழுவ ஆரம்பித்தார். நானும் மறுபடி முன்சீட்டில் உட்காரத் தொடங்கினேன்.

இந்த மழை விட்டதும் ஒரு நாள் பார்த்தோம். தகட்டுக்கு வெளியே, வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு நெல்லுமுனை நீளத்துக்குக் கீறல் போயிருந்தது. அவர் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அழுக்கு என்றால் போய்விடுமே. போகவில்லை.

மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அன்றே போய்ச் சின்னபொண்ணிடம் சொன்னேன். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ?"

விரல் நுனியில் காட்டினேன்.

"நடவு முடியற வரைக்கும் தாங்குமா?"

"தெரியல."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "சரி, நீ போ. நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன்," என்றாள்.

ஒரு வீட்டுக்கு

மறுநாள் யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். சொல்லப்போனால், வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவர் வண்டியை எடுத்தார். நான் முன்னால் உட்கார்ந்தேன். கரியாலூர்ப் பக்கத்து முதல் நிறுத்தத்தில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். இரண்டு பேர் நின்றார்கள். அடுத்த இடத்தில் அக்காளும் தங்கையும் ஏறுவார்கள். அக்காள் மட்டும் ஏறினாள். இன்னொரு வளைவில் எப்போதும் அம்மாவும் மகளும். அம்மா மட்டும் நின்றாள்.

"ஆளு கம்மியா இருக்குது. பாரம் கொறஞ்சா வண்டிக்கு நல்லதுதான்," என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னபொண்ணு அவள் வீட்டு வளைவில் தனியாக நின்றிருந்தாள்.

"மருமவ எங்க?" என்றேன்.

"அவ வூட்லயே இருக்கட்டும். நேத்து எல்லாரும் ஒக்காந்து பேசிட்டோம். ஒரு வூட்டுக்கு ஒருத்தர்தான்," என்றாள். ஏதோ சீட்டுக் கட்டுவதைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். தங்கையையும் மகளையும் வீட்டில் நிறுத்தியது காய்ச்சல் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சின்னபொண்ணு பின்பக்கம் போகவில்லை. என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்கு," என்றாள்.

"நான் எதுக்கு?"

"ஒங்க வூட்லருந்துதான் ரெண்டு பேர் இருக்கீங்க. ஓட்டறதுக்கு அண்ணன் வேணும். நீ எறங்கு. ஒனுக்குப் பொண்ணு இருக்குது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். இறங்கினேன். என் இடத்தில் அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி வலது பக்கம் வளைந்து மறைந்தது.

அன்றிலிருந்து ஆள் கூட்டிப்போவது சின்னபொண்ணுதான். எனக்கு விடியற்காலையில் வேலை இல்லை. அவர் கிளம்பியதும், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாறைக்கு வந்துவிடுவேன். எங்கள் ஊரில் அங்கேதான் சிக்னல் கிடைக்கும். கீழே போய்ச் சேர்ந்ததும் அவர் ஃபோன் பண்ணுவார். வழக்கமாக ஒரே வார்த்தைதான், "வந்துட்டோம்." பாறையைச் சுற்றி, வீட்டில் தங்கிவிட்ட அக்காள்கள், தங்கைகள், மருமகள்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். சின்னபொண்ணின் மருமகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் கையிலிருக்கிற ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது அடிக்கிற வரைக்கும் எங்கள் ஊரில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை.